மேல சொல்றேன்

ஜனவரி 8, வியாழன்

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டைரியிலும் பொய் சொன்னால் அப்புறம் உண்மையை எங்கே போய்ச் சொல்வது? இன்று காலை கக்கூசில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொண்டேன். வலி இல்லை. வலி இருந்திருந்தால்கூட ஒரு மரியாதையாக இருந்திருக்கும். தொடை இரண்டும் எனக்கும் உனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுபோலச் சும்மா இருந்தன. குழாயைப் பிடித்தேன், குழாய் ஆடியது. வாளியை ஊன்றினேன், வாளி நகர்ந்தது. கடைசியில் அவரைக் கூப்பிட்டேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் சோணை. மினி டெம்போ ஓட்டுகிறார். கதவுக்கு வெளியே நின்று, "என்னடி, உள்ள குடித்தனமே வச்சிட்டியா?" என்றார்.

"தாப்பாள எட்டித் தொறந்துட்டேன். கண்ண மூடிக்கிட்டு வாங்க."

"இத்தன வருசம் கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான குடும்பம் நடத்துனேன். இப்ப என்ன புதுசா வெக்கம்?"

கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கியவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஓவர்லோடு சிட்டு. செக்போஸ்ட்ல பிடிச்சிருவான்" என்றார். நான் சிரித்தேன். அவர் முழுதாகச் சிரிக்கவில்லை.

இந்த டைரி அவருடைய டெம்போ முதலாளி கொடுத்தது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் கையெழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். என் பெயர் சிட்டம்மாள். பிள்ளை குளிப்பாட்டுவது என் தொழில். மதுரையில் எங்கள் பக்கம் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தால் முதல் போன் சொந்தக்காரர்களுக்கு, இரண்டாவது போன் எனக்கு.

தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததில் முட்டி போய்விட்டது. மூன்று வருடமாக செட் மாத்திரை சாப்பிடுகிறேன். மருந்துக்கடையில் "முட்டிவலிக்கு ஒரு செட்டு குடு தம்பி" என்றால் காகித உறையில் மூன்று போட்டுக் கொடுப்பான். பெரிய மஞ்சளுக்கு நான் வைத்த பெயர் பெரியவர். ரோஸ் கலர் நடுவுலவர். மிளகு அளவு வெள்ளையாக இருப்பது பொடியன். போட்ட அரை மணியில் வலி பறந்துவிடும். சாப்பிடத் தொடங்கிய பிறகு பசியும் வந்தது, கன்னமும் வந்தது. தெருவே சொல்கிறது, சிட்டக்காவுக்கு நல்ல காலம் என்று.

ஜனவரி 12, திங்கள்

புது வீடு. மஞ்சரி என்று பெயர். தலைப்பிள்ளை, பெண். புருசன் மஸ்கட்டில். அவளுடைய அம்மா ரேசன் கடையில் வேலை, காலையிலேயே போய்விடுகிறாள். ஆக வீட்டில் மஞ்சரி, பிள்ளை, நான்.

பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, சேலையை ஏற்றிச் செருகி, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தினேன். எண்ணெய் பட்டதும் அழுதது. "அழுவுடி, அழுவு. உங்கப்பன் காதுல விழட்டும், ஒரு லீவு போடட்டும்" என்றேன். மஞ்சரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெந்நீர் ஊற்ற ஊற்றப் பிள்ளை சொக்கிப்போனது.

"அக்கா, உங்க முகம் எப்பிடிக்கா இப்பிடிப் பளபளன்னு இருக்கு? என்ன க்ரீம் போடுறீங்க?"

"வீட்டுக்காரரத் தெனமும் நாலு திட்டுத் திட்டுவேன். வேற ஒண்ணும் இல்ல."

முன்பெல்லாம் பிள்ளையைத் துண்டில் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டு ஒரே எழுச்சியில் எழுந்துவிடுவேன். இன்று உட்கார்ந்தபடியே பிள்ளையை நீட்டினேன்.

"இந்தா மஞ்சரி, வாங்கிக்க. குளிச்ச பிள்ளைய மொதல்ல தாய் கையிலதான் குடுக்கணும். அது ஒரு சாங்கியம்."

"அப்பிடியாக்கா? எங்க மதினி பிள்ளைக்கு நீங்க இப்பிடிச் செய்யலயே?"

"அது ஆம்பளப் பிள்ள. பொம்பளப் பிள்ளைக்குத்தான் இது."

நம்பிவிட்டாள். அவள் பிள்ளையோடு உள்ளே போன பிறகு எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று எழுத வேண்டியதில்லை. குளியலறைச் சுவரில் என் எண்ணெய்க் கை அச்சு இருக்கும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரும்பு கடிக்கப் பல் இருக்கிறது. குனிந்து கோலம் போட இடுப்பு இல்லை. அவர் போட்டார். கோலம் டெம்போ டயர் தடம் மாதிரி இருந்தது.

ஜனவரி 19, திங்கள்

வயிறு எரிகிறது. மருந்துக்கடைத் தம்பி தினகரனிடம் சொன்னேன்.

"சாப்பிட்டுப் போடுறீங்களாக்கா?"

"சாப்பிட்டுத்தான் போடுறேன். சாப்பிட்டதுக்கப்புறமும் சாப்பிடுறேன். பசி அடங்க மாட்டேங்குது."

"ரொம்ப எரிஞ்சா மாத்திரையக் கொஞ்சம் கொறைச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். குறைப்பதென்றால் பெரிய ஆளைத்தானே குறைக்க வேண்டும்? பெரியவரையும் நடுவுலவரையும் நிறுத்திவிட்டேன். பொடியன் பாவம், உறையில் தேடினால்தான் கிடைக்கிறான். அவனால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும்? வலிக்கு ஆள் போதாமல் போனால் என்ன செய்வதென்று காலையில் ஒரு பொடியன், மாலையில் ஒரு பொடியன் என்று வைத்துக்கொண்டேன்.

வலியே இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜனவரி 26, திங்கள்

கதவு லேசாக இடித்த இடமெல்லாம் நாவல்பழக் கலரில் கன்றிப்போகிறது. அவர் பார்த்துவிட்டு, "ஏய், முழுக்கை ரவிக்கை போடுடி. நான் அடிச்சேன்னு தெருவுல பஞ்சாயத்து வச்சிருவாங்க" என்றார்.

ரவிக்கை விசயம் தனி. பின்கழுத்தில் சதை மேடு தட்டி, தையற்காரர் இரண்டு தடவை பிரித்துத் தைத்தாயிற்று. ஆனால் வளையல் கையில் நிற்காமல் கழன்று விழுகிறது. முகமும் வயிறும் பௌர்ணமி, கையும் காலும் அமாவாசை. ஒரே உடம்பில் இரண்டும் வருமா என்று அவரிடம் கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றார்.

"நல்லாருக்கிறவள எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுறீங்க?" என்றேன்.

இன்று பேருந்துப் படி ஏறவில்லை. அதாவது, நான் ஏறவில்லை. நடந்தே வந்தேன். நடப்பது நல்லதுதானே.

பிப்ரவரி 2, திங்கள்

ஒன்றும் நடக்கவில்லை.

மஞ்சரி வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு கொடுத்தனுப்பினாள். புளி தூக்கல்.

ஒன்றும் நடக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரிதான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிப்பாட்டி முடிக்கும்போது சிலிண்டர்காரன் மணி அடித்தான். மஞ்சரி கதவைத் திறக்கப் போனாள். பிள்ளை ஈரத்தோடு நடுங்கியது. சாங்கியமாவது ஒன்றாவது என்று துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். பாதிவரை வந்துவிட்டேன். அதற்கு மேல் கால் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நடுவில் நின்று ஆடின இரண்டு தொடையும். பிடிக்கச் சுவர் இருந்தது, கை இல்லை. கையில் பிள்ளை இருந்தது.

பிள்ளையை மாரில் அழுத்திக்கொண்டு பின்னால் விழுந்தேன். பலகை என் முதுகுக்குக் கீழே. பிள்ளை என் மேலே. அது ஒரு கொட்டாவி விட்டது.

மஞ்சரி வந்தபோது உட்கார்ந்திருந்தேன். "என்னக்கா சத்தம்?" என்றாள். "செம்பு விழுந்துருச்சு" என்றேன்.

வழுக்கும் எண்ணெய்ப் பிள்ளையை எத்தனை வருடமாகக் கையாள்கிறேன். ஒரு தடவைகூட. ஒரு தடவைகூட என் கையிலிருந்து.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

எந்த வீட்டுக்கும் போகவில்லை. காய்ச்சல் என்று போனில் சொன்னேன். காய்ச்சல் இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

நானே அவரிடம் ஆஸ்பத்திரி என்று சொன்னேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. லோடை வேறு ஆளிடம் மாற்றிவிட்டு வந்தார். அவர் கேலி பேசாதது பயமாக இருந்தது. பெரியாஸ்பத்திரி போகும் வழியெல்லாம் நானே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. என் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "கைய ஊனாம எந்திரிங்கம்மா" என்றார். ஸ்டூலில் இருந்து முன்னால் சாய்ந்தேன், மறுபடி சாய்ந்தேன். "சாமி கும்பிடுறேன்னு நெனச்சிராதீங்க டாக்டரம்மா, இதான் எந்திரிக்கிறது" என்றேன். அவர் சிரிக்காமல், சாப்பிடுகிற மாத்திரையைக் கேட்டார். உறையைக் கொடுத்தேன். பொடியனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது எத்தன வருசமா?"

"மூணு வருசம். அது பொடியன் டாக்டரம்மா, அது ஒண்ணும் பண்ணாது. பெரிசு ரெண்டையும் நானே நிறுத்திட்டேன்."

"இதுதான் ஸ்டீராய்டு. முகம் வீங்குனது, தோல் கன்னிப்போறது, பசி, எல்லாம் இவன் வேலைதான். தொடைச் சதையையும் இவன்தான் தின்னுட்டான். நீங்க பெரிசுகள விட்டுட்டு இவன ரெண்டாக்கியிருக்கீங்க."

பிள்ளையோடு பாதியில் நின்ற நிலைதான் கண்ணுக்குள் வந்தது.

"ரத்தம் குடுத்துட்டு வாங்க. மேல சொல்றேன்" என்றார்.

ரத்தம் கொடுத்தோம். மாடிப்படிக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். லிப்டுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் வரிசை நின்றது. படியை நான் பார்த்தேன், படி என்னைப் பார்த்தது.

"நான் வேணா மேல போய்க் கேட்டுட்டு வரவா?" என்றார்.

"மேல என்ன சொல்லப்போறாங்க? இந்தச் சனியனத் திங்காதம்பாங்க. அதுக்கு ஒரு மாடியா? வாங்க போவம்."

வந்துவிட்டோம்.

பிப்ரவரி 6, வெள்ளி

வீட்டிலிருந்த எல்லாப் பொடியனையும் உறையோடு சாக்கடையில் போட்டேன். மூன்று வருடம் கூட இருந்தவன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒழிஞ்சான்" என்று அவர் கைதட்டினார். உடம்பு இன்றே லேசாக இருப்பதுபோல இருக்கிறது. வாரக் கடைசிக்குள் கால் வந்துவிடும். திங்கட்கிழமை வருகிறேன் என்று மஞ்சரிக்குச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. முட்டி மட்டும் வலித்தது போய், இப்போது எது முட்டி என்று தெரியவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. எனக்கே சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள். விசம் இறங்குகிறது போல. இறங்கட்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

கஞ்சி வாந்தி. தண்ணீர் வாந்தி. நின்றால் கண் இருட்டுகிறது. மஞ்சரிக்கு நாளை என்று

பிப்ரவரி 10, செவ்வாய்

இதை எழுதுவது சோணை. அவள் டைரியில் நான் எழுதியது தெரிந்தால் கத்துவாள். கத்தட்டும். கத்தினால் போதும்.

காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தரையில் கிடக்கிறாள். கூப்பிட்டால் முழிக்கிறாள், பேசவில்லை. கை ஐஸ் மாதிரி. ஓவர்லோடு என்று கேலி பண்ணினேனே, நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ஆளைத் தூக்கினேன், எடையே தெரியவில்லை. எனக்கு அப்போது எதுவும் தெரியவில்லை. டெம்போவில் வாழைத்தார் லோடு இருந்தது. இறக்க நேரமில்லை. தாருக்கு நடுவில் படுக்கவைத்து ஓட்டினேன்.

பிரசர் இறங்கிவிட்டதாம், சர்க்கரையும் இறங்கிவிட்டதாம். இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். அந்தச் சின்ன டாக்டரம்மா ஓடி வந்தது.

"மாத்திரைய நிறுத்தினாங்களா?"

"ஆமா, நீங்கதான் அது கெடுதல்னு சொன்னீங்க. மறுநாளே சாக்கடைல போட்டுட்டோம்."

"ஐயோ, அத ஒரேயடியா நிறுத்தக் கூடாதுங்க! அதச் சொல்லத்தான் ரத்தம் குடுத்துட்டு வாங்கன்னேன். ஏன் வரல?"

"மேல சொல்றேன்னீங்க. இவளால மாடி ஏற முடியலம்மா."

டாக்டரம்மா என்னையே பார்த்தது. "மேலன்னா மாடி இல்லய்யா. மேற்கொண்டு சொல்றேன்னு அர்த்தம். நான் அதே ரூம்லதான் உக்காந்திருந்தேன்" என்றது. அதற்கும் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு நான் போய்க் கேட்டிருக்கலாம். இவள் வேண்டாம் என்றாலும் நான் போயிருக்கலாம். இவள் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன், இதை மட்டும் கேட்டுவிட்டேன்.

இன்னும் கண்ணைத் திறந்து ஒரு வார்த்தை திட்டவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

நானேதான். மேலே அவர் எழுதியதைப் படித்தேன். எழுத்துப்பிழை என்னைவிடக் கம்மி. அது எனக்குப் பிடிக்கவில்லை.

கண் விழித்ததும் அவரிடம், "ஏன் என் மேல வாழைக்கறை?" என்று கேட்டேனாம். அவர் வார்டுக்கு வெளியே போய் நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். நம் உடம்புக்குள்ளேயே பொடியன் மாதிரி ஒன்று ஊறுமாம். வெளியிலிருந்து மூன்று வருடம் ஊட்டிக்கொண்டே இருந்ததால், உள்ளே இருப்பது வேலையை விட்டுவிட்டுத் தூங்கிப்போயிற்றாம். திடீரென்று ஊட்டுவதை நிறுத்தினால் உடம்பு எதை வைத்து நிற்கும்?

"பச்சப்பிள்ளைக்கு ஒரே நாள்ல பாலை நிறுத்துவீங்களாம்மா?"

"மாட்டோம். ஒரு நேரமா, ரெண்டு நேரமா மறக்கடிப்போம். சோறு ஊட்டிப் பழக்கித்தான் விடுவோம்."

"அதே மாதிரிதான் இதையும் மறக்கடிக்கணும். பல மாசம் ஆகும். நான் சொல்லாம அரை மாத்திரைகூடக் கொறைக்கக் கூடாது. கூட்டவும் கூடாது."

ஆக, சாக்கடையில் போட்ட அதே பொடியனை மறுபடி நானே விழுங்க வேண்டும். "இந்த வயசுல பால்குடியா டாக்டரம்மா?" என்றேன். இந்தத் தடவை சிரித்தார்.

பிறகு கேட்டேன். கேட்க வேண்டியது அது ஒன்றுதான். "பிள்ளையத் தூக்கலாமா?"

"தொடைச் சதை திரும்ப வரும். மெதுவாத்தான் வரும். கை ஊனாம எந்திரிச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசுவோம். அதுவரைக்கும் எந்தப் பிள்ளையையும் தூக்காதீங்க."

"எந்திரிக்கவே முடியாமப் போனா?"

அதற்கு அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது ஏற்கெனவே பார்த்ததுதான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. மஞ்சரி பிள்ளையோடு பார்க்க வந்தாள். ஆப்பிள் வாங்கி வந்தாள். பிள்ளைக்குக் கழுத்து நிற்கத் தொடங்கியிருக்கிறது.

"அக்கா, எங்க சித்தி மக பிள்ளைக்கும் அந்தச் சாங்கியம் செய்யச் சொல்லிட்டேன். குளிச்ச உடனே தாய் கையில குடுக்குறாங்க."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சாங்கியம் பொய் என்றேன். செம்பு விழவில்லை, நான்தான் விழுந்தேன் என்றேன். பிள்ளையோடு விழுந்தேன் என்றும் சொன்னேன்.

மஞ்சரி என் பக்கமாக இருந்த பிள்ளையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றினாள். தெரிந்து செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லக்கா" என்றாள் வாசலில்.

"சொல்லிருக்கணும்."

"ஒடம்பப் பாத்துக்கங்க."

எப்போது வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஆப்பிள் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார். நான் சாப்பிடவில்லை.

மார்ச் 12, வியாழன்

டாக்டரம்மா கொஞ்சம் குறைத்திருக்கிறார். குறைத்ததும் பழைய வலி வந்துவிட்டது. வரும் என்று சொல்லித்தான் குறைத்தார். வலிக்கு வேறு மருந்தும் கொடுத்திருக்கிறார், அது ஆடி அசைந்து வருகிறது. காலையில் விரலை மடக்க முடியவில்லை.

சாயங்காலம் பால் வாங்கப் போனவள் மருந்துக்கடை முன்னால் நின்றேன். பால் கடை எதிர்ப் பக்கம்.

"யக்கா! எங்க ஆளையே காணோம்? எளச்சுட்டீங்களே. ஒரு செட்டு குடுக்கவா?" என்றான் தினகரன். அவன் என்ன செய்வான், கேட்டவர்களுக்குக் கொடுத்துப் பழகியவன். எனக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. மாத்திரைக்குப் போய் எச்சில் ஊறுமா? ஊறியது. அரை மணி நேரம். அரை மணி நேரத்தில் இந்த விரல், இந்த முட்டி, எல்லாம் பறந்துவிடும்.

"தம்பி, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைய யாருக்கும் சும்மா குடுக்காத. எனக்குச் சத்தியமாக் குடுக்காத. நானே வந்து அழுது கேட்டாலும் குடுக்காத."

"என்னக்கா ஆச்சு?"

அங்கேயே நின்று முழுக்கதையும் சொன்னேன். நான்கு பேர் மாத்திரை வாங்க வந்தவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா தன் கையிலிருந்த உறையைப் பிரித்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்றிலிருந்து பொடியனைப் பாதியாக உடைக்க வேண்டும். உடைத்ததில் ஒரு பாதி தெறித்து எறும்பிடம் போயிற்று. எறும்புக்கு முகம் வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 25, சனி

கட்டிலில் இருந்து எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சி. அவர் எதிரே நின்று எண்ணுகிறார், வேண்டுமென்றே தப்பாக எண்ணுகிறார். கன்னம் வற்றுகிறது. தெரு இப்போது, "என்ன சிட்டக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்கிறது.

படுத்தால் தூக்கம் வரவில்லை. கால் வராவிட்டால் நான் யார்? வேறு வேலை செய்யலாம்தான். பிள்ளை வாசனை இல்லாமல் என் கை எப்படி இருக்கும் என்றுதான் தெரியவில்லை. மஞ்சரியிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

மே 14, வியாழன்

ஆஸ்பத்திரி நாள். காலையிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அறையில் புது நாற்காலி போட்டிருந்தார்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. டாக்டரம்மா, "உக்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கன்னம் வற்றினாலும் மற்ற இடமெல்லாம் இன்னும் வற்றவில்லை.

"ரெண்டு கையையும் குறுக்கக் கட்டிக்கங்க. ஊனாம எந்திரிங்க."

கட்டிக்கொண்டேன். முட்டி வலித்தது. வலிக்கட்டும், வலி என்னுடையது. முன்னால் சாய்ந்தேன். தொடை நடுங்கியது. பாதிவரை வந்தேன். அந்த இடம் எனக்குத் தெரியும். அங்கேதான் அன்றைக்கு நின்றுபோனது. அவர் சுவரோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் யாரையும் பார்க்கவில்லை. தொடையை மட்டும் கெஞ்சினேன்.

எழுந்துவிட்டேன். முழுசாக. கை கட்டியது கட்டியபடி.

"சிட்டு!" என்றார் அவர்.

டாக்டரம்மா, "இன்னும் ஒரு மாசம் இதே மாதிரி எந்திரிச்சீங்கன்னா பிள்ளையத் தூக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சீட்டில் எழுதினார்.

நாற்காலியும் என்னோடு எழுந்திருந்தது. நர்சம்மா பின்னால் வந்து இழுத்தார், வரவில்லை. என் வீட்டுக்காரர் காலை ஊன்றி இழுத்தார், வந்தது. நாற்காலியின் ஒரு கை உடைந்துவிட்டது. அடுத்த ஆளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள்.